ஒரு பெயரில் இரண்டு குறைகள்

1963ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டின் மால்மோ நகரிலிருந்து சில பக்கங்களே கொண்ட ஆய்வுக் கட்டுரை ஒன்று வெளிவந்தது. எழுதியவர்கள் கார்ல்-பெர்ட்டில் லாரெல், ஸ்டென் எரிக்சன் என்னும் இருவர். நுரையீரலையும் கல்லீரலையும் தாக்கும் ஒரு பரம்பரை நோயைப் பற்றிய நமது அறிவு அக்கட்டுரையிலிருந்துதான் தொடங்குகிறது. அதன் தலைப்பில் இருந்த சொற்றொடரே நோயின் பெயராக நிலைத்துவிட்டது: ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் குறைபாடு. கட்டுரை பாராட்டுக்குரியது. ஆனால், அந்தப் பெயரைக் கொண்டே நோயை விளக்க முற்படுவது சரியா என்பதை ஆராய வேண்டியிருக்கிறது.

கட்டுரையின் சிறப்பு

இரத்தத்தின் தெளிநீரைச் சீரம் என்பர். ஈரமான ஒரு தாளில் சிறிது சீரத்தை இட்டு, தாளின் இரு முனைகளுக்கும் மின்னழுத்தம் கொடுத்தால், சீரத்திலுள்ள புரதங்கள் தத்தம் மின்னூட்டத்திற்கும் பருமனுக்கும் ஏற்ப வெவ்வேறு வேகத்தில் நகரும். பிறகு சாயமேற்றினால் அவை தனித்தனிப் பட்டைகளாகத் தெரியும். இதுவே எலெக்ட்ரோபோரெசிஸ் என்னும் முறை. மின்புலத்தைப் பற்றிப் படித்த எந்த மாணவனுக்கும் இது எளிதில் விளங்கும்.

இவ்வாறு ஆராயப்பட்ட ஏறத்தாழ 1500 சீரங்களுள் ஐந்தில் மட்டும் ஆல்ஃபா-1 என்ற பட்டை காணப்படவில்லை. சோதனை சரியாக அமையவில்லை என்று அவற்றை ஒதுக்கியிருக்கலாம். அவர்கள் ஒதுக்கவில்லை. அந்த ஐவர் யார், அவர்களுக்கு என்ன நோய் என்று தேடினர். மூவருக்கு இளவயதிலேயே எம்பைசீமா என்னும் நுரையீரல் நோய் இருந்தது. நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளின் சுவர்கள் அழிந்து, மூச்சுவிட முடியாமல் திணறும் நோய் அது. இல்லாத ஒரு பட்டையிலிருந்து ஒரு நோயின் காரணத்தை எட்டிய அந்தப் பொறுமையை மாணவர்கள் அறிய வேண்டும்.

முதற்குறை: ஆன்டிட்ரிப்சின்

ட்ரிப்சின் என்பது கணையத்தில் தோன்றி உணவுப் புரதத்தைச் செரிக்கச் செய்யும் நொதி. சோதனைக் குழாயில் அதன் வேலையைத் தடுத்ததால் இப்புரதத்திற்கு ஆன்டிட்ரிப்சின் என்று பெயரிட்டனர். உடலுக்குள் இதன் முக்கிய வேலை வேறு. நுரையீரலுக்கு வரும் வெள்ளணுக்கள் கிருமிகளை அழிக்க எலாஸ்டேஸ் என்னும் நொதியை வெளியிடுகின்றன. கிருமியை அழிக்கும் அந்நொதி காற்றறைச் சுவரின் மீள்தன்மையுள்ள இழைகளையும் அரித்துவிடும். அதை உரிய நேரத்தில் பிடித்து நிறுத்துவதே இப்புரதத்தின் கடமை.

பிடிக்கும் விதம் எலிப்பொறியை ஒத்தது. புரதத்தின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கண்ணியை எலாஸ்டேஸ் கடிக்கிறது. உடனே கண்ணி விசையுடன் புரதத்தின் உட்புறம் பாய்கிறது. கடித்த நொதி இழுபட்டு நசுங்குகிறது. புகையிலைப் புகை அந்தக் கண்ணியிலுள்ள மெத்தியோனின் என்னும் அமினோ அமிலத்தை ஆக்சிஜனேற்றம் செய்து, பொறியைப் பழுதாக்குகிறது. பொறிகள் குறைவாக உள்ளவர் புகைபிடித்தால் இருப்பவையும் வீணாகும். இந்நோயில் புகையை விலக்குவது ஏன் முதல் மருந்து என்பது இப்போது விளங்கும். 'ஆன்டிட்ரிப்சின்' என்ற பெயரோ இதில் எதையும் சொல்வதில்லை.

இரண்டாம் குறை: குறைபாடு

இது இன்னும் பெரிய குறை. இப்புரதம் பெரும்பாலும் கல்லீரலில் உருவாகி இரத்தத்தின் வழியே நுரையீரலை அடைகிறது. கடுமையான நோயுள்ளோரில் பெரும்பாலோர், தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக, 'இசட்' வகை மரபணு இரண்டைப் பெற்றவர்கள். இவ்வகையில் 394 அமினோ அமிலங்களுள் 342ஆவது மட்டும் மாறியிருக்கும். குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் லைசின் இருக்கும்.

இந்த ஒரு மாற்றத்தால் புரதம் உருவாகாமல் போவதில்லை. உருவாகிறது, ஆனால் அதன் வடிவம் நெகிழ்ந்துவிடுகிறது. ஒரு மூலக்கூறின் கண்ணி பக்கத்து மூலக்கூறுக்குள் நுழைந்து, சங்கிலி சங்கிலியாகக் கோத்துக்கொள்கிறது. இதை லோமாஸ், கேரல் முதலியோர் 1992இல் விளக்கினர். அச்சங்கிலிகள் கல்லீரல் செல்களுக்குள்ளேயே தேங்குகின்றன. இரத்தத்திற்கு வருவது வழக்கமான அளவில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கே. எனவே நுரையீரலுக்கு இது பற்றாக்குறை நோய். கல்லீரலுக்கோ தேக்க நோய். மால்மோ ஆய்வாளர்கள் இரத்தத்தை மட்டுமே பார்த்தனர்; ஆகவே 'குறைபாடு' என்றனர். குழந்தைகளின் கல்லீரல் நோயோடு இதற்குள்ள தொடர்பை ஷார்ப் என்பவரும் உடனிருந்தோரும் வெளியிட்டது 1969இல்தான். அன்று கையில் இருந்த சான்றுக்கு அந்தப் பெயர் நேர்மையானதே. ஆகவே அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. இன்றும் அதையே முழு விளக்கமாக எழுதுவோரைத்தான் குறை கூற வேண்டும்.

பெயர் விளைவிக்கும் தவறு

'குறைபாடு' என்று கேட்டவுடன், குறைவதை ஊற்றினால் சரியாகிவிடும் என்று தோன்றும். மனித இரத்தத்திலிருந்து பிரித்த இப்புரதத்தை வாரந்தோறும் நரம்பில் ஏற்றும் சிகிச்சைக்கு அமெரிக்காவில் 1987இல் அனுமதி கிடைத்தது. நுரையீரல் அழிவின் வேகம் அதனால் குறைகிறது என்பதற்கு 2015இல் வெளியான, 180 பேரைக் கொண்ட ஆய்வு சான்று தருகிறது. ஆனால் அழிந்த காற்றறை மீள்வதில்லை. கல்லீரலில் தேங்கியதும் கரைவதில்லை. ஊசி போட்டுக்கொள்பவரும் கல்லீரலைத் தொடர்ந்து சோதித்துக்கொள்ள வேண்டும், மது அருந்தலாகாது, கல்லீரல் அழற்சிக்கான தடுப்பூசிகளையும் போட்டுக்கொள்ள வேண்டும். கல்லீரலை மாற்றினாலோ புதிய கல்லீரல் நல்ல புரதத்தையே செய்கிறது. தேக்கம், பற்றாக்குறை இரண்டும் தீர்கின்றன. நோயின் வேர் எங்கே என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

மற்றொரு தவறு, பரம்பரைக் 'குறைபாடு' என்றாலே தலைவிதி என்று எண்ணுவது. ஸ்வீடனில் 1972 முதல் 1974 வரை பிறந்த 2,00,000 குழந்தைகளைச் சோதித்ததில், 120 பேருக்கு இரண்டு இசட் மரபணுக்கள் இருந்தன. அவர்களுள் 14 பேருக்கே நீடித்த மஞ்சள் காமாலை வந்தது. எனினும் பெற்றோர் பலர் அடைந்த மனவேதனை பெரிது. சோதனைத் திட்டமே நிறுத்தப்பட்டது. ஆனால் அக்குழந்தைகள் வளர்ந்தபோது, அவர்களிடையே புகைபிடிப்போர் மற்ற இளைஞர்களைவிடக் குறைவாக இருந்தனர். ஒரே செய்தி அச்சத்தையும் தந்தது, காப்பையும் தந்தது. எது மிஞ்சும் என்பது நாம் அதை எப்படி விளக்குகிறோம் என்பதைப் பொறுத்தது.

இசட் வகை வட ஐரோப்பியரிடையே மிகுதி, இந்தியரிடையே அரிது. இருப்பினும் இளவயதில் எம்பைசீமா கண்டால், காரணம் விளங்காத கல்லீரல் நோய் கண்டால், ஓர் இரத்தச் சோதனையால் இதைத் தெரிந்துகொள்ளலாம். நோய் உறுதியானால் உடன்பிறந்தோரையும் சோதிக்க வேண்டும்.

பெயரை இனி மாற்ற இயலாது. அது உலகெங்கும் பரவிவிட்டது. ஆனால், நுரையீரலில் இல்லாதது கல்லீரலில் சிக்கியிருக்கிறது என்ற ஒரு வாக்கியத்தைப் பெயரோடு சேர்த்துச் சொல்வதற்குப் பாட நூலில் அரை வரி போதும். அந்த அரை வரியை எழுதாத நூல் நோயின் பாதியைத்தான் கற்பிக்கிறது.