நத்தார்க் கீதம் யாருடையது?

நத்தார்க் கீதங்களைப் பல்குரல் ஒத்திசையிற் கேட்போர் கேம்பிறிட்ஜ் கிங்ஸ் கல்லூரிப் பாடகர் குழுவையே முதலில் நினைப்பர். 1918 இல் அங்கு தொடங்கிய நத்தார் வழிபாடு 1928 இல் வானொலியில் ஒலிபரப்பாகியமை இதற்கு முக்கிய காரணமாகும். ஆனால், 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத் தேவாலயங்கள் பலவற்றின் மேன்மாடங்களிலிருந்து விலக்கப்பட்ட கிராமியப் பாடகரின் மரபு, ஷெபீல்ட் சுற்றுப்புற மதுச்சாலைகளில் இன்றும் உயிர்வாழ்கிறது. அங்கு பாடுவோரும் கேட்போரும் வேறல்லர். கன்ரபரியிற் சப்பாத்துத் தைத்த தோமஸ் கிளார்க் 1805 இல் வெளியிட்ட 'கிரான்புரூக்' மெட்டும் அங்கு ஒலிக்கிறது. கல்லூரிக் குழுவின் குரற்செம்மை போற்றற்குரியதே. எனினும், அதனையே ஒரே அளவுகோலாகக் கொள்வோமாயின், வெறும் கேட்போராக ஒதுக்கப்பட்ட மக்களின் படைப்பாற்றலை நாம் மறுத்தவராவோம்.