பதினொரு நிமிடமும் எழுபத்திரண்டு படியும்

இரண்டு நிமிடத்தில் இரண்டு முறை குனிந்து நிமிர வேண்டும். அடுத்த ஒரு நிமிடத்தில், மல்லாந்து படுத்தபடி, தன் குதிகால் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மட்டும் தலையையும் தோளையும் மூன்று முறை தூக்க வேண்டும். பிறகு குப்புறப் படுத்து, தலையோடு ஒரு காலை உயர்த்துவது, கால் மாற்றி மாற்றி நான்கு முறை. முழங்கால் தரையில் இருக்க, கையை ஊன்றி மார்பை உயர்த்துவது இரண்டு முறை. மீதி ஆறு நிமிடத்தில் நின்ற இடத்திலேயே ஓட்டம்: இடது பாதம் தரையைத் தொடுவதை ஒன்று என எண்ணி நூறு வரை, நடுவே சில தாவல்கள்.

கனடா விமானப்படைக்காக 1950களின் பிற்பகுதியில் பில் ஆர்பன் வகுத்த ‘ஃபைவ் பிஎக்ஸ்’ திட்டத்தின் முதல் நாள் வேலை இவ்வளவுதான். உடற்பயிற்சிக் கூடமோ கருவியோ இல்லாத தொலைதூரத் தளங்களில் பணியாற்றும் விமானிகளும் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். 1960களில் பெங்குவின் பதிப்பகம் அதைப் பொதுமக்களுக்கான சிறு நூலாக வெளியிட்டது. அறுபது ஆண்டுக்கு மேலான ஒரு ராணுவக் கையேட்டை இன்று எடுத்துவைத்து எடைபோடக் காரணம் உண்டு. உடலை அசைத்தே பல ஆண்டுகள் ஆன ஒருவர் வீட்டுக்குள் தனியாகப் பயிற்சி தொடங்கும்போது எதிர்கொள்ளும் மிகக் கடினமான கேள்விக்கு, நான் பார்த்த திட்டங்களில் இதுதான் நேராகப் பதில் சொல்கிறது. நாளைக்கு எவ்வளவு செய்வது என்பதே அந்தக் கேள்வி.

அப்படித் தொடங்க வேண்டியவர்கள் நம்மிடையே நிறையப் பேர். தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய இடங்களில் 14,000 பேருக்கு மேல் ஆராய்ந்து 2014-இல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வில் 54.4 விழுக்காட்டினர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள். ஓய்வு நேரத்தில் விருப்பத்தோடு உடற்பயிற்சி செய்வோர் பத்து விழுக்காடுகூட இல்லை. இவர்களுக்குக் கைபேசியில் காணொளி ஏராளமாகக் கிடைக்கிறது. பெரும்பாலானவை இன்றைக்கு என்ன செய்யலாம் என்று காட்டுகின்றன. மூன்றாம் வாரத்தில் என்ன மாற வேண்டும், தொடை கடுத்தால் நிறுத்துவதா தொடர்வதா என்பது பற்றி அவற்றில் பேச்சில்லை.

2013-இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் இதழில் பிரெட் கிளிக்காவும் கிறிஸ் ஜோர்டனும் எழுதிய கட்டுரையிலிருந்து பரவிய ஏழு நிமிடப் பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு பயிற்சிகள், ஒவ்வொன்றும் 30 விநாடி, நடுவே 10 விநாடி ஓய்வு. பயிற்சிகளின் தேர்வு நல்லது. சுவரில் சாய்ந்து உட்காருதல், நாற்காலியில் ஏறி இறங்குதல், உக்கி, தண்டால் என்று உடல் முழுவதையும் தொடுகிறது. ஆனால் அது எதிர்பார்க்கும் தீவிரம் பத்துக்கு எட்டு என்ற அளவிலான சிரமம். ஏற்கெனவே பழகிய, நேரமில்லாத அலுவலர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டதை, பின்னர் ஒட்டிக்கொண்ட ‘ஏழு நிமிடம்’ என்ற பெயர் தொடக்கக்காரர்களுக்கு உரியதாக்கிவிட்டது. முதல் நாளும் நூறாவது நாளும் அதே பன்னிரண்டுதான். முதல் நாள் முடியாதவருக்கு அதில் இடமே இல்லை.

நம் ஊரில் பலர் முதலில் கற்பது வேதாத்திரி மகரிஷியின் எளியமுறை உடற்பயிற்சி. கை, கால், மூச்சு, கண், கபாலபதி, மகராசனம், உடல் தேய்ப்பு, அக்குபிரஷர், உடல் தளர்த்தல் என்று வரிசையாகச் செல்வது. இறுகிப்போன மூட்டுகளை அச்சமில்லாமல் அசைக்கவைப்பதில் அதற்கு இணையானது எளிதில் கிடைக்காது. அறுபது வயதுக்காரர்கள் விடாமல் செய்கிறார்கள் என்பதே ஒரு சான்று. ஆனாலும் அதில் பாரம் கூடுவதில்லை. தசை வலுவடைய வேண்டுமானால் அது பழகிய சுமையைவிடச் சற்று அதிகமான சுமை கிடைத்தாக வேண்டும். பத்தாண்டு செய்தாலும் அதே அசைவு, அதே அளவு என்றால் கிடைத்த நெகிழ்வைக் காப்பாற்றலாம், வலுவைக் கூட்ட முடியாது. அதைக் குறை என்று சொல்ல மாட்டேன். அதன் நோக்கம் வேறு. அதை மட்டுமே செய்துவிட்டு முழு உடற்பயிற்சி முடிந்தது என்று நினைப்பதைத்தான் மறுக்கிறேன்.

தினமும் 10,000 அடி நடப்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடியளவிக் கருவியின் பெயரிலிருந்து பிறந்த எண் அது. ஐ-மின் லீ குழுவினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், சராசரி வயது 72 கொண்ட பெண்களில் நாளுக்கு சுமார் 4,400 அடி நடந்தவர்களின் இறப்பு விகிதமே 2,700 அடி நடந்தவர்களைவிடக் கணிசமாகக் குறைந்திருந்தது. சுமார் 7,500 அடிக்கு மேல் கூடுதல் பயன் தென்படவில்லை. நடை நல்லது. ஆனால் அதை மட்டும் நம்பினால் கைக்கும் தோளுக்கும் முதுகுக்கும் வேலை கிடைக்காது.

இவற்றின் பக்கத்தில் வைத்தால் ஆர்பனின் திட்டத்தில் உயர்ந்து நிற்பது அதன் படிகள். மொத்தம் ஆறு அட்டவணைகள். ஒவ்வொன்றிலும் டி மைனஸ் முதல் ஏ பிளஸ் வரை பன்னிரண்டு படிகள். எவ்வளவு திடகாத்திரமானவரும் அடிப்படியிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதைவிட முக்கியமானது வயதுக் கணக்கு. 20 வயதுக்கு உட்பட்டவர் ஒரு படியில் குறைந்தது 1 நாள், இருபதுகளில் 2 நாள், முப்பதுகளில் 4, நாற்பதுகளில் 7, ஐம்பதுகளில் 8, அறுபதிலும் அதற்கு மேலும் 10 நாள் நிற்க வேண்டும். குறித்த எண்ணிக்கையைப் பதினொரு நிமிடத்துக்குள் முடிக்க முடியாதவரை மேலே போகக் கூடாது. உடம்பு வலித்தாலோ அளவுக்கு மீறி மூச்சு வாங்கினாலோ வேகத்தைக் குறைத்துக்கொள்ளச் சொல்கிறது. 45 வயதுக்காரர் முதல் அட்டவணையை முடிக்கவே 84 நாள் ஆகும், 60 வயதுக்காரருக்கு 120 நாள்.

இந்தப் பொறுமைக்கு உடலியல் காரணம் இருக்கிறது. பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில் கூடும் வலுவில் பெரும்பகுதி தசை பருத்ததால் வருவதில்லை. இருக்கும் தசையை நரம்பு மண்டலம் நன்றாக வேலை வாங்கக் கற்றுக்கொள்வதால் வருகிறது. தசைநாண்களோ தசையைவிட மெதுவாகத்தான் பழகும். அதனால் மூன்றாம் வாரத்தில் ‘நம்மால் இன்னும் முடியும்’ என்று மனம் சொல்லும்போது தசைநாண் அதற்குத் தயாராக இருப்பதில்லை. முழங்காலும் தோளும் வலிக்க ஆரம்பிப்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். செய்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ வரும் தசை வலி தானாகப் போய்விடும், அது அஞ்சத்தக்கது அல்ல. மூட்டில் குத்தும் வலி வேறு. முதல் படியை வேண்டுமென்றே மிகச் சிறியதாக வைத்து, ஆசைக்குக் கடிவாளம் போட்ட இந்த வயதுக் கணக்கை நான் மனதார மதிக்கிறேன்.

குறைகளும் சிறியவை அல்ல. முதலாவது, திட்டத்தின் அடிப்படையிலேயே இருக்கிறது. நேரம் மாறாது, எண்ணிக்கை மட்டும் கூடும். முதல் அட்டவணையில் ஒரு நிமிடத்துக்கு 3 ஆக இருந்த வயிற்றுப் பயிற்சி உச்சப் படியில் 18 ஆகிறது. முதுகுப் பயிற்சி 4-லிருந்து 22. அதே நிமிடத்துக்குள் அதிக முறை என்றால் வேகம் கூடுகிறது என்று பொருள். புதிதாகத் தொடங்குபவர் வேகத்தைக் கூட்டும்போது உடல் நேர்த்தி குலைந்து, உந்துதலில் உடம்பை வீசத் தொடங்குவார். தசை செய்ய வேண்டிய வேலையை அந்த வீச்சு செய்துவிடும். அட்டவணை மாறும்போது பயிற்சியின் கடினம் கூடுகிறது என்பது உண்மைதான். ஆனால் பன்னிரண்டு படிகளுக்கும் அவசரத்தையே அளவுகோலாக்கியது தவறு.

இரண்டாவது குறை முதுகெலும்பைப் பற்றியது. முதல் அட்டவணையின் வயிற்றுப் பயிற்சி மென்மையானது. இரண்டாம் அட்டவணையில் அது முழுவதும் எழுந்து உட்காரும் பயிற்சியாகிறது. பாதம் தூக்கிக்கொண்டால் நாற்காலிக்கு அடியில் செருகிக்கொள்ளலாம் என்கிறது கையேடு. பாதம் சிக்கினால் வயிற்றைவிடத் தொடையை மடக்கும் தசைகளே அதிகம் இழுக்கும். அவை கீழ்முதுகெலும்பில் ஒட்டியிருப்பவை. இப்படி எழுந்து உட்காரும் ஒவ்வொரு முறையும் கீழ்முதுகில் 3,300 நியூட்டன் அளவுக்கு அழுத்தம் விழுவதாகக் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்து ஸ்டூவர்ட் மெக்கில் ஆய்வுகள் காட்டின. கிட்டத்தட்ட 340 கிலோ எடை தரும் அழுத்தம். மாதவிடாய் நின்று எலும்பு மெலிந்த பெண்களுக்கு இது இன்னும் மோசம். மேயோ மருத்துவமனையில் 1984-இல் வெளியான சினாகி, மிக்கெல்சன் ஆய்வில், முன்குனியும் பயிற்சி செய்தவர்களில் 89 விழுக்காட்டினருக்கு முள்ளெலும்பு மேலும் நொறுங்கியது. முதுகைப் பின்னோக்கி நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் அது 16 விழுக்காடு. சிறிய ஆய்வுதான், ஆனாலும் இந்த வேறுபாட்டைக் கண்டும் காணாமல் விட முடியாது. ஆகவே ஆர்பனின் முதல் பயிற்சியும் இரண்டாவதும் ஐம்பதைக் கடந்தவர்களுக்குத் தேவையில்லை. மூன்றாவதை முதல் அட்டவணை வடிவிலேயே வைத்துக்கொள்ளலாம். இரண்டு காலையும் தோளையும் ஒன்றாகத் தூக்கும் பிந்தைய வடிவம் கீழ்முதுகுக்குப் பெரும் சுமை.

எனக்கு மிகவும் உறுத்துவது மூன்றாவது குறை. இந்த ஐந்து பயிற்சிகளின் தொடக்கப் படிகளில் உட்கார்ந்து எழும் வேலை இல்லை. இளம் விமானிக்கு அது பெரிதாகத் தெரியாமல் இருக்கலாம். நம் வீடுகளில் முதுமையின் முதல் அடையாளம் கையூன்றாமல் எழ முடியாமல் போவது. தரையில் உட்கார்ந்து சாப்பிடுவது நின்றுபோகிறது, பிறகு தாழ்ந்த நாற்காலி, பிறகு கழிப்பறை. பாஸ்டனில் மரியா ஃபியாதரோன் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், தொண்ணூறு வயதையொட்டிய முதியோர் இல்லவாசிகள் எட்டு வாரம் படிப்படியாகப் பாரம் கூட்டிப் பயிற்சி செய்ததில் தொடை வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது. அந்த வயதிலேயே முடியுமென்றால் ஐம்பதில் உட்கார்ந்து எழும் வேலையைக் கொடுக்காத திட்டத்தை ஏற்பதற்கில்லை. நமக்குத் தோப்புக்கரணம் இருக்கிறது. பிள்ளையார் முன்னும் பள்ளியில் தண்டனையாகவும் மட்டுமே அதைச் செய்து பழகியதால், காலுக்கு அதைவிட நல்ல பயிற்சி வீட்டில் வேறில்லை என்பதை நாம் கவனிப்பதில்லை. மூளை வளரும் என்று அதற்குச் சிலர் ஏற்றும் புகழ் அவசியமே இல்லாதது.

கடைசிப் பயிற்சியான நின்ற இட ஓட்டமும் டைல்ஸ் தரையில், வெறுங்காலோடு, கீழ்வீட்டில் குழந்தை தூங்கும் அடுக்ககத்தில் நடைமுறைக்கு ஒத்துவராது. பெண்களுக்கென 10 பயிற்சிகள், 12 நிமிடம் என்று தனியே வந்த எக்ஸ்பிஎக்ஸ் திட்டத்தின் பிரிவினையும் எனக்கு ஏற்புடையதல்ல. அவரவர் நிற்கும் படிதான் அளவு என்றால், ஆணுக்கொன்று பெண்ணுக்கொன்று எதற்கு?

ஆக, என் தீர்ப்பு: ஆர்பனின் படியேற்ற விதிகளை அப்படியே எடுத்துக்கொண்டு, பயிற்சிகளில் பாதிக்கு மேல் மாற்ற வேண்டும். கடிகாரத்தையும் விலக்கிவிடலாம். எண்ணிக்கை நிதானமாக 8-லிருந்து 12 வரை வந்ததும் வேகத்தைக் கூட்டாமல் பயிற்சியின் கடினத்தைக் கூட்டினால் போதும். கைக்கு: முதலில் சுவரில் ஊன்றித் தண்டால், பிறகு சமையல் மேடை, பிறகு மாடிப்படி, கடைசியில் தரை. காலுக்கு: தலையணை போட்ட நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது, பிறகு வெறும் நாற்காலி, முக்காலி, மணை, அதன்பின் தோப்புக்கரணம். முதுகுக்கு: கையும் முழங்காலும் ஊன்றி, எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டிப் பத்து விநாடி நிறுத்துவது. ஐந்தில் எதிலும் இல்லாத இழுக்கும் வேலைக்கு ஒரு வாளித் தண்ணீர் போதும். மேசையில் ஒரு கை ஊன்றி, மறுகையால் வாளியை இடுப்பருகே இழுக்க வேண்டும். லிட்டருக்கு ஒரு கிலோ என்பதால் பாரத்தை அரை லிட்டர் அரை லிட்டராகக் கூட்டலாம். கடையில் வாங்கும் டம்பெல்லில்கூட இவ்வளவு நுணுக்கமான படி கிடைக்காது. எதிலும் மூச்சை அடக்கக் கூடாது.

இதை ஒருநாள் விட்டு ஒருநாள் செய்து, மற்ற நாள்களில் நடக்கலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் கேட்பது வாரம் 150 நிமிட மிதமான உழைப்பும், குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சியும்தான். ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்ய வேண்டும் என்ற பழைய நிபந்தனையையும் அது கைவிட்டுவிட்டது. ஒரு நாளும் விடக் கூடாது என்ற பயமும் வேண்டாம். லண்டனில் பிலிப்பா லாலி 2010-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர இடைநிலை அளவாக 66 நாள் ஆனது, சிலருக்கு 18, சிலருக்கு 254. நடுவே ஒரு நாள் தவறியது பெரிதாகப் பாதிக்கவில்லை.

நடக்கும்போது நெஞ்சு இறுகுபவர்களும், ரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர்களும், சர்க்கரையால் கண் விழித்திரை பாதிக்கப்பட்டவர்களும் மருத்துவரைக் கேட்காமல் முதல் படியையும் தொடக் கூடாது. இன்சுலினோ சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் செய்யக் கூடாது. மற்றவர்கள் ஆர்பனின் வயதுக் கணக்கை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு, நாற்காலியில் ஒரு தலையணையைப் போட்டுத் தொடங்கலாம். ஐம்பத்தைந்து வயதுக்காரர் அந்தத் தலையணையை எடுக்க எட்டு நாளாவது காத்திருக்க வேண்டும், நான்காம் நாளே எளிதாக இருந்தாலும்.