உடுக்குறி இல்லாத உருவங்கள்

திருப்புறம் முதல் பாறசாலை வரையிலான எல்லைப்புற ஊர்களில் இசை பயிற்றும் வீட்டுச் சுவர்களில் இருவகைப் படங்களைக் காணலாம். ஒன்று அரச உடையிலுள்ள சுவாதித் திருநாள் (1813–1846). மற்றொன்று கருநாடக இசை மும்மூர்த்திகள். இவ்வூர் இருமொழியாளர் இவற்றைத் தமிழில் படம் என்றும் மலையாளத்தில் சாயாசித்திரம் என்றும் குறிப்பர். சாயை என்பது நிழல். நிழல் விழுவதற்கு உடல் ஒன்று வேண்டும். சுவாதித் திருநாளின் அவையில் மதுரை அழகிரி நாயுடு ஓவியராக இருந்தார். ஆகவே அரசரைப் பார்த்தெழுதும் வாய்ப்பு இருந்தது. மும்மூர்த்திகளின் படத்திற்கு இச்சொல் பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் வினா.

சியாமா சாஸ்திரிகள் 1827இலும், முத்துசாமி தீட்சிதர் 1835இலும் மறைந்தனர். ஒளிப்படக் கலை உலகிற்கு அறிவிக்கப்பட்டது 1839இல். 1847வரை வாழ்ந்த தியாகராசருக்கும் ஒளிப்படம் கிடைக்கவில்லை. இன்று நாம் அவர்கள் முகங்களாக அறிபவை பெரும்பாலும் 1940களில் எஸ். ராஜம் (1919–2010) தீட்டி, நாட்காட்டிகள் வழியாகப் பரவியவை. ராஜம் சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர், பாபநாசம் சிவனின் மாணவர், தேர்ந்த பாடகர். (1934இல் வெளிவந்த 'சீதா கல்யாணம்' படத்தில் இராமனாக நடித்தவரே இராமனைப் பாடியவருக்கும் முகம் தந்தார் என்பது சுவையான செய்தி.) அஜந்தா, சித்தன்னவாசல் மரபுகளில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர்.

பாடுவோரின் கழுத்து நரம்பு புடைப்பதையும் தாடை கோணுவதையும் வியர்வை வழிவதையும் ராஜம் நன்கறிவார். எனினும் அவர் தந்த உருவங்களில் உழைப்பின் தடம் இல்லை. உஞ்சவிருத்திக்காகத் தெருவில் நடந்தவரிடம் தெருப்புழுதி இல்லை. 1762இல் பிறந்தவரும் 1767இல் பிறந்தவரும், அவர்களுக்குச் சில ஆண்டுகள் இளையவரும் ஒரே வரிசையில், ஒரே அமைதியில் அமர்ந்துள்ளனர். இவ்வமைப்பிற்கு ஓவியரினும் சொல்லே முதற்காரணம் என எனக்குத் தோன்றுகிறது. மூர்த்தி என்னும் சொல்லுக்கே உருவம் என்பது பொருள். 'மும்மூர்த்திகள்' என வழங்கத் தொடங்கியபின் மூன்று உருவங்கள் தேவைப்பட்டன. அவை தெய்வ உருவங்களாகவும் இருக்கவேண்டியதாயிற்று. முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை ஆகியோரைத் தமிழ் மூவர் என்கிறோம். அவர்கள் 'மூவர்' மட்டுமே. அவர்களது படம் இவ்வளவு பரவவில்லை.

ராஜம் செய்ததைப் பிழையெனல் பொருந்தாது. மொழியியலார் அன்றாடம் செய்வதும் இதுவே. தமிழில் செவி, கன்னடத்தில் கிவி. இவற்றினின்று *கெவி என்னும் தொல்வடிவத்தை மீட்டுருவாக்குகிறோம். மீட்டுருவாக்கிய வடிவம் எப்போதும் ஒழுங்கானது. வட்டார வழக்கின் சிக்கலும் பேசியவர் மூச்சும் அதில் இரா. ஆனால் யாரும் எழுதிவைக்காத வடிவம் இது என்பதை முன்னிற்கும் உடுக்குறி சொல்லிவிடுகிறது. வழிவழிச் செய்திகளிலிருந்து ராஜம் மீட்டுருவாக்கிய முகங்களை அச்சிட்டோர் அக்குறியைக் கைவிட்டனர். ஓவியர் பெயரையும் பலர் கைவிட்டனர். அதனால் கருதுகோள் சான்றாகிவிட்டது. தபால்தலைகளும் (தியாகராசர் 1961, தீட்சிதர் 1976, சியாமா சாஸ்திரிகள் 1985) உருவங்களுக்கு அரசு முத்திரையை அளித்தன.

நெய்யாற்றின்கரை வாசுதேவனுக்கு (1940–2008) இந்நிலை நேராது. அவர் குரலும் ஒளிப்படமும் நம்மிடம் உள்ளன. நாளை ஓவியர் ஒருவர் அவரை மெருகேற்றினால் ஒப்பிட்டுப் பார்க்க இயலும். மும்மூர்த்திகளிடம் ஒப்பிட எதுவுமில்லை என்பதாலேயே எச்சரிக்கை மிகுதியும் வேண்டப்படுகிறது.

இதனை எனக்கும் சேர்த்தே சொல்கிறேன். கீர்த்தனை மொழி பற்றிய வகுப்புக் குறிப்பொன்றில், தியாகராசரின் எளிய தெலுங்கு நடை 'அவரது சாந்த முகத்தைப் போன்றது' என எழுதியிருந்தேன். எந்த முகம் என மாணவி ஒருவர் வினவினார். நடைக்குச் சான்றாக நான் காட்டியது ஒரு நாட்காட்டித் தாளை. அத்தொடரை இப்போது நீக்கிவிட்டேன். குறிப்பிலுள்ள படத்தின்கீழ் 'எஸ். ராஜத்தின் மீட்டுருவாக்கம்' என்று எழுதி, முன்னால் ஓர் உடுக்குறியும் இட்டிருக்கிறேன்.