ஒரே கப்பலை நம்பி

கெலுகோரில் பினாங்குப் பாலம் கரையேறும் இடத்திலிருந்து கடலோரமாக வடக்கே போனால் சுவெட்டன்ஹாம் துறை வரும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய, ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்கள் அங்கே நின்றன. கெலுகோரிலேயே கடல் விமானத் தளம் ஒன்றும் இருந்தது. அந்தக் காலத்தைப் பேசும்போது நம்மவர்களுக்கு நேதாஜியின் நினைவுதான் முதலில் வரும். 1943 ஏப்ரலில் மடகாஸ்கர் அருகே அவரை ஏற்றிக்கொண்ட ஐ-29 என்ற ஜப்பானிய நீர்மூழ்கி பினாங்கிலிருந்து போன கப்பல்தான். ஆனால், நீர்மூழ்கிகளுக்கு டீசல் சுமந்த எண்ணெய்க் கப்பல்களை யாரும் பேசுவதில்லை. அவற்றுள் ஒன்றான ஜெர்மானிய ‘பிராக்கெ’யின் பணி வரலாற்றைப் படித்தால், நடுக்கடலில் எண்ணெய் ஏற்றும் முறையின் பலமும் அதன் பெரிய ஓட்டையும் சேர்ந்தே தெரிகின்றன.

பலத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. 1943 கோடையில் ஐரோப்பாவிலிருந்து இந்தியப் பெருங்கடலுக்கு ஜெர்மானியர் அனுப்பிய ‘பருவக்காற்று’ அணி, பாதி தூரம் வருவதற்குள்ளேயே சிதைந்தது. அட்லாண்டிக்கில் எண்ணெய் கொடுக்கவிருந்த நீர்மூழ்கிகளும் ஜூலையில் மூழ்கடிக்கப்பட்டன. மிஞ்சி வந்த ஐந்து கப்பல்களுக்கு செப்டம்பரில் மொரீசியசுக்கு அப்பால் ‘பிராக்கெ’ எண்ணெய் கொடுத்தது. அதனால்தான் அவை நேராகத் துறைமுகம் தேடி ஓடாமல் வேட்டைக்குப் போக முடிந்தது. அவற்றுள் யு-533 ஓமான் வளைகுடாவில் அழிந்தது. மற்ற நான்கும் பினாங்கு வந்து சேர்ந்தன. வழியில் நட்புத் துறைமுகமே இல்லாத ஒரு கடற்படைக்கு இது சாதாரண உதவியல்ல.

ஓட்டை, எண்ணெய் கைமாறும் அந்தச் சில மணி நேரத்தில் இருக்கிறது. குழாய் இணைந்திருக்கும் வரை இரண்டு கப்பல்களும் மெதுவாகத்தான் நகர வேண்டும். நீர்மூழ்கி சட்டென்று முழுக முடியாது. கடல் கொந்தளித்தால் வேலை நின்றுவிடும், காத்திருப்பு நீளும். இதைவிட ஆபத்தானது, சந்திக்கும் இடத்தையும் நாளையும் வானொலியில் சொல்லியாக வேண்டும் என்பது. அந்தச் சங்கேதச் செய்திகளைப் பிரிட்டிஷார் படித்துக்கொண்டிருந்தார்கள்.

1944 பிப்ரவரி 12 அன்று ‘சார்லோட்டெ ஷ்லீமன்’ என்ற எண்ணெய்க் கப்பலை ‘ரிலென்ட்லெஸ்’ என்ற பிரிட்டிஷ் நாசகாரிக் கப்பல் மடக்கியது. சரியாக ஒரு மாதம் கழித்து, மார்ச் 12 அன்று, ‘பிராக்கெ’யின் முறை. ‘பாட்லர்’ விமானந்தாங்கியின் விமானம் அதைக் கண்டது. ‘ரோபக்’ நாசகாரி வந்து சுட்டது. அதைச் சுற்றி அப்போது மூன்று நீர்மூழ்கிகள் இருந்தும் ஒன்றாலும் அதைக் காக்க முடியவில்லை. யு-168, ‘பிராக்கெ’யின் மாலுமிகளை மட்டும் மீட்டுக்கொண்டது. யு-188 தொடர்ந்து பயணித்து ஜூனில் போர்தோ சேர்ந்தது. யு-168உம் யு-532உம் ஊருக்குப் போக முடியாமல் கிழக்கே திரும்பின. ஒரு கப்பல் போனதும் திரும்பும் வழியே அடைபட்டது என்றால், அந்தத் திட்டத்தில் எண்ணெய்க் கப்பலுக்கு மாற்று என்று எதுவும் யோசிக்கப்படவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்படியானால் முறையே தவறா? நான் அப்படி நினைக்கவில்லை. அமெரிக்கக் கடற்படை இதே வேலையை, கப்பல்கள் பக்கவாட்டில் இணையாக ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்தது. 1917இல் ‘மௌமீ’ எண்ணெய்க் கப்பலில் இளம் அதிகாரியாக இருந்த, பின்னாளில் அட்மிரலான நிமிட்ஸ் அதை வளர்த்தெடுத்தவர்களில் ஒருவர். அங்கேயும் அடி விழுந்தது. 1942 மே மாதப் பவளக்கடல் சண்டையில் ‘நியோஷோ’ எண்ணெய்க் கப்பலை விமானந்தாங்கி என்று தவறாக எண்ணி ஜப்பானியர் விமானங்களை அனுப்பினார்கள். அவை அதைத் தாக்கின, அதோடு போன ஒரே நாசகாரியும் மூழ்கியது. பிறகு அமெரிக்கர்கள் எண்ணெய்க் கப்பல்களைக் கூட்டமாக, சிறு விமானந்தாங்கிகளின் காவலோடு அனுப்பினார்கள். அவ்வளவு கப்பல்கள் அவர்களிடம் இருந்தன என்பதும் உண்மை. ஜெர்மானியரிடம் அந்த வசதி இல்லை. ஆனால் சந்திப்புகளை வானொலியில் சொல்லும் வழக்கத்தை மாற்ற, கூடுதல் கப்பல் ஒன்றும் தேவைப்பட்டிருக்காது.

அதையும் அவர்கள் மாற்றவில்லை. 1944 ஜூலையில் பினாங்கிலிருந்து புறப்பட்ட யு-1062 நீர்மூழ்கி, அட்லாண்டிக்கில் யு-219ஐச் சந்திக்கப் போனது. எதிரி அங்கே முன்கூட்டியே காத்திருந்தான். செப்டம்பர் 30 அன்று அது அத்தனை மாலுமிகளோடும் மூழ்கியது.