ஈமத்தாழியின் அளவு

இறந்தவரைப் பற்றி நம்மிடையே எழுதப்படும் கவிதைகளில் பெரும்பாலானவை எழுதுபவனைப் பற்றியவை. தந்தை இறந்தால் ஆலமரம் சாய்கிறது. தாய் இறந்தால் விளக்கு அணைகிறது. எந்த வீட்டுச் சாவுக்கும் பொருந்திவிடுவதாலேயே இவை எவருடைய சாவையும் சொல்வதில்லை.

புறநானூற்றில் குயவனை விளித்து இரண்டு பாட்டுகள் இருக்கின்றன. 228ஆம் பாட்டு கிள்ளிவளவன் இறந்தபோது ஐயூர் முடவனார் பாடியது. அவனுக்குத் தாழி வனைவதென்றால் நிலமே சக்கரமாகவும் பெருமலையே மண்ணாகவும் வேண்டும்; உன்னால் ஆகுமா என்று குயவனைக் கேட்கிறது. 256ஆம் பாட்டில் கணவனை இழந்த ஒருத்தி, தாழியை அகலமாகச் செய் என்கிறாள். தனக்கும் அதில் இடம் வேண்டும். வண்டியின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்ட சிறு வெண்பல்லிபோல அவனோடு பல சுரங்கள் கடந்து வந்தவள் அவள்.

முன்னது புகழை அளக்கிறது, பின்னது உடம்பை. முன்னதில் கேட்பது குயவனால் ஆகாத காரியம். பின்னதில் கேட்பது ஆகக்கூடியது; அதனால்தான் நம்மைக் கலங்க வைக்கிறது. கணவனின் பெயரோ வீரமோ பாட்டில் இல்லை. பல்லி இருக்கிறது. வழியைத் தேர்ந்தது அதுவல்ல. சக்கரம் போன இடமெல்லாம் அதுவும் போயிற்று. அன்பும் கதியின்மையும் அந்த ஒரு உவமைக்குள் பிரிக்க முடியாமல் கிடக்கின்றன.

பந்தல்குடிப் பக்கத்தில் சுரம் என்ற சொல்லுக்கு உரை வேண்டியதில்லை. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து ஒப்பாரியும் இந்த இரண்டாவது பாட்டின் காரியத்தையே செய்கிறது. தாயின் சாவுக்கு வந்த மகள், இனி இந்த வாசலில் என்னை வா என்று யார் கூப்பிடுவார்கள் என்று அழுகிறாள். மதினி பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். துக்கமும் பிறந்த வீட்டுக் கணக்கும் ஒரே மூச்சில் வருகின்றன. சபையில் வாய் திறக்காதவளுக்கு அன்று பேச உரிமை உண்டு.

ஒப்பாரியிலும் தங்கமும் முத்தும் தேய்ந்த வழக்குகளாக வருகின்றனவே என்று கேட்கலாம். வருகின்றன. ஆனால் அவை அவள் ஏறி நிற்கும் படிக்கட்டு. ஏறிய பிறகு சொல்வது அவளுடையது. நமது கவிஞர்கள் படிக்கட்டோடு நின்றுவிடுகிறார்கள்.

இன்று கடைத்தெருவின் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ்கள் 228இன் வானத்தை எடுத்துக்கொண்டன. ஐயூர் முடவனார் பாடியது ஊரறிந்த இழப்பை. அங்கே மிகை பொருந்துகிறது. தந்தையை அரசனாக்கும்போதோ, கடன் வாங்கிப் பருத்தி விதைத்த மனிதர் காணாமல் போகிறார். அவரோடு நமக்கிருந்த மனத்தாங்கலும் போகிறது. மனத்தாங்கலை நீக்கிவிட்ட நினைவு அரை நினைவுதான்.

அந்தப் பெண் குயவனிடம் பேசினாள். மகள் தாயிடம் பேசுகிறாள், மதினியின் காதுபட. நமது கவிதை யாரிடம் பேசுகிறது, அவரிடம் என்ன கேட்கிறது? இதற்குப் பதில் இல்லாத வரிகளை அடித்துவிடலாம்.