ஆறு வேலைப் பட்டியல் யாருடைய நாளுக்கு?

வீட்டிலிருந்தே இணையத்தில் வியாபாரம் தொடங்குகிறவர்களுக்கு எல்லோரும் சொல்லும் முதல் யோசனை ஒன்று உண்டு. மறுநாள் வேலைகளை முந்தின இரவே எழுதி வையுங்கள். ஆறுக்கு மேல் வேண்டாம். முக்கியமானதை முதலில் போட்டு, அது முடிந்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். 1918 வாக்கில் ஐவி லீ என்ற ஆலோசகர் இதைப் பெத்லகேம் ஸ்டீல் நிறுவனத்தின் சார்லஸ் ஷ்வாபுக்குச் சொல்லிக்கொடுத்து 25,000 டாலர் பெற்றதாக நிர்வாக நூல்கள் சொல்கின்றன. அவசரம், முக்கியம் என்று நான்கு கட்டம் போட்டுப் பிரிக்கும் முறையும் இதோடு சேர்ந்தே வரும். அமெரிக்க அதிபர் ஐசனோவர் 1954-இல் ஓர் உரையில் இவ்விரண்டையும் பிரித்துப் பேசினார். ஸ்டீபன் கோவி 1989-இல் எழுதிய நூல் அதை உலகமெங்கும் கொண்டுசென்றது.

சத்துமாவும் இட்லிப்பொடியும் விற்கும் ஒரு வீட்டில் இந்த முறையை வைத்துப் பார்ப்போம். காலையில் போனை எடுத்ததுமே வாட்ஸ்அப் நிரம்பிக் கிடக்கும். விலை என்ன, கால் கிலோ கிடைக்குமா, பார்சல் இன்னும் வரவில்லையே. ஒவ்வொன்றுக்கும் பதில் போட்டு நிமிர்ந்தால் பத்தரை ஆகியிருக்கும். நிறைய வேலை பார்த்த களைப்பும் இருக்கும். ஆனால் வாய் திறந்து கேட்காத வேலைகள் அப்படியே கிடக்கும். அவற்றில் முதலாவது விலைக் கணக்கு. நிலக்கடலையும் எள்ளும் விலை ஏறிய பிறகும் பழைய விலைக்கே பொடி விற்றுக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். வறுக்கும்போது ஈரம் போய் எடை குறைகிறது. அரைக்கும்போது மில்லில் கொஞ்சம் தங்கிவிடுகிறது. கேஸ், கவர், லேபிள், கூரியர் எல்லாவற்றையும் உட்கார்ந்து போட்டுப் பார்த்தால்தான் ஒரு கிலோவுக்குக் கையில் என்ன நிற்கிறது என்று தெரியும். இந்தக் கணக்கை எந்த வாடிக்கையாளரும் நினைவூட்டப்போவதில்லை. இரவே முடிவெடுத்து அதைப் பட்டியலின் தலையில் ஏற்றிவைக்கச் சொல்கிறது ஆறு வேலை முறை. இதற்காகவாவது அதைக் கைவிடக் கூடாது என்பேன்.

சிக்கல் அடுத்த விதியில் தொடங்குகிறது. முக்கியத்துவப்படி வரிசை போட்டு ஒன்றை முடித்துவிட்டு மற்றொன்று என்று போவதற்கு, நாளின் நேரம் நம் கையில் இருக்க வேண்டும். ஷ்வாபின் நேரம் அவர் கையில் இருந்தது. சத்துமாவு செய்பவருக்கோ நேரத்தை வகுப்பது வெயிலும் மில்லும் கூரியரும்தான். கழுவிய கேழ்வரகை வெயில் ஏறும்போதே மாடியில் விரித்தாக வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு மில்காரர் கதவடைப்பதற்குள் தூக்கைக் கொண்டுபோக வேண்டும். மாலையில் கூரியர் கடை மூட்டை கட்டுவதற்குள் பார்சல் போய்ச் சேராவிட்டால் ஒரு நாள் போயிற்று. தானியம் விரிப்பதை முக்கியமான வேலை என்று எந்தக் கட்டத்திலும் எழுதத் தோன்றாது. அது தவறினால் மறுநாளின் ஆறு வேலைகளும் தவறும்.

வறுப்பது இதைவிடக் கடினம். ஒவ்வொரு தானியத்தையும் தனித்தனியாக, மிதமான தீயில், கை ஓயாமல் கிளற வேண்டும். நடுவில் அழைப்பு மணி அடித்து இரண்டு நிமிடம் நகர்ந்தாலே எள் கருகிவிடும். ஒரு பிடி கருகல் மொத்த மாவையும் கசக்கச் செய்யும். லேபிள் ஒட்டுவதை எத்தனை முறை வேண்டுமானாலும் விட்டுவிட்டுத் தொடரலாம். விலைக் கணக்கு இந்த விஷயத்தில் வறுப்பதைப் போலத்தான், பாதியில் விட்டால் முதலிலிருந்து போட வேண்டும். ஆகவே ஒவ்வொரு வேலைக்கு நேரேயும் நான் இரண்டு குறிப்பு எழுதச் சொல்வேன்: எத்தனை மணிக்குள் முடிய வேண்டும், நடுவில் விட முடியுமா. குழந்தைகள் பள்ளியிலிருக்கும் நேரம் விட முடியாத வேலைகளுக்கு. லேபிளும் பேக்கிங்கும் மற்ற நேரத்துக்கு. வாட்ஸ்அப் பதிலுக்குக் காலை, மதியம், இரவு என மூன்று வேளை போதும். அதை ஸ்டேட்டஸில் சொல்லிவிட்டால் பெரும்பாலான வாடிக்கையாளர்கள் பொறுத்துக்கொள்வார்கள்.

இன்னொரு குறை, பட்டியலில் எழுதப்படாதவை. 2024-இன் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 289 நிமிடம். அப்படிச் செய்யும் ஆண்கள் 88 நிமிடம். ஏறக்குறைய ஐந்து மணி நேர வேலையைக் கணக்கிலேயே சேர்க்காத பட்டியல், இரவில் பாதி அடிக்கப்படாமல் கிடக்கத்தான் செய்யும். அதைப் பார்த்து, பட்டியல் எழுதிய பெண் தனக்குத்தான் திறமை போதவில்லை என்று நொந்துகொள்கிறாள். இந்த முறையின் மீது எனக்குள்ள பெரிய வருத்தம் இதுதான். சமையல், துணி, மாமியாரின் மருத்துவமனை நாள் எல்லாம் ஆர்டர்களோடு ஒரே தாளில் ஏற வேண்டும்.

நான்கு கட்ட முறையில் அவசரமாக இருந்தும் முக்கியமில்லாதவற்றைப் பிறரிடம் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். அதிபருக்கு அலுவலர்கள் இருந்தார்கள். இங்கே அந்தக் கட்டத்தில் எழுதக் கணவர் பெயரும் வளர்ந்த பிள்ளைகள் பெயரும்தான் உண்டு. அவற்றை எழுதாத வீட்டில் எந்த முறையும் பாதிதான் வேலை செய்யும். மாலையில் கூரியருக்குப் போவது யார், மில்லுக்குத் தூக்கு எடுத்துப்போவது யார், எள் வறுபடும்போது மணி அடித்தால் கதவைத் திறப்பது யார் என்பதும் அந்தத் தாளில் பெயரோடு இருக்க வேண்டும்.