முடிவுபரியந்தம் நிலைநிற்றல்

2009 மார்ச்சில், இறுதிப் போரின்போது, புதுமாத்தளனிலிருந்து காயப்பட்டோரைச் செஞ்சிலுவைச் சங்கம் கடல்வழியாகப் புல்மோட்டைக்குக் கொண்டுவந்தது. இந்திய மருத்துவக் குழு அங்கே தற்காலிக மருத்துவமனை அமைத்துச் சிகிச்சை அளித்தது. வீடும் உறவும் இழந்து கரைசேர்ந்தோரில் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். இவ்வளவையும் இழந்த பின்னும் ஒருவர் விசுவாசத்தில் நிலைப்பது எதனால்? எந்தச் சோதனையும் வராத இன்னொருவர் அதை நழுவவிடுவது எதனால்? திருச்சபையின் மரபுகள் இதற்குத் தந்த விடைகள் பல. அவை ஒவ்வொன்றும் நம் வடகிழக்கு மண்ணில் சோதித்துப் பார்க்கப்பட்டவை.

எல்லா மரபுக்கும் அடிப்படை எபிரெயர் நிருபம். எகிப்தைவிட்டுப் புறப்பட்டும் வனாந்தரத்தில் விழுந்துபோனவர்களைக் காட்டி அது எச்சரிக்கிறது. அவிசுவாசம் ஒரே நாளில் வருவதில்லை, இருதயம் சிறுகச் சிறுகக் கடினப்படுகிறது என்பது அதன் கண்டிப்பு. நாள்தோறும் ஒருவருக்கொருவர் புத்தி சொல்லுங்கள், சபை கூடுவதை விடாதிருங்கள் என்பதே அது தரும் மருந்து.

இறுதிவரை நிலைத்திருப்பது இறைவனின் கொடை, அதை மன்றாடிப் பெறவேண்டும் என்பது கத்தோலிக்க மரபு. பாவத்தால் அருளை இழந்தவன் பாவசங்கீர்த்தனத்தால் திரும்பலாம். அப்படியானால் குருவே இல்லாத ஊரில் என்ன செய்வது? 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்து குருக்களைத் துரத்தினார்கள். வீடுகளுக்குள் செபம் தொடர்ந்தது. மாந்தைக் கத்தோலிக்கர் மாதாவின் சொரூபத்தை மருதமடுக் காட்டுக்குக் கொண்டுபோய்க் காத்தார்கள். 1687இல் கோவாவிலிருந்து கூலியாள் வேடத்தில் வந்திறங்கிய யோசேப் வாஸ் அடிகளாரை மறைத்துவைத்துத் தாங்கியது சில்லாலை. 1689 நத்தார் இரவில் யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டில் பூசைக்குக் கூடியிருந்தவர்களை ஒல்லாந்தச் சிப்பாய்கள் வளைத்துப் பிடித்தார்கள். அவர்களுள் தொன் பேதுரு என்பவர் அடிபட்டு உயிர்விட்டார். மற்றவர்கள் சிறைப்பட்டார்கள். சபை அழியவில்லை.

தேவன் தெரிந்துகொண்டவரைத் தேவனே கைவிடாமல் காப்பார் என்பது சீர்திருத்த மரபு. 1618–19இல் தோர்ட் நகரில் கூடிய சங்கம் அதை வரையறுத்தது. துன்பப்படும் மனதுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் அதே போதனையோடு வந்த ஒல்லாந்த ஆட்சி, ஞானஸ்நானத்தை அரச உத்தியோகத்தோடு கட்டிவைத்தது. பதிவேட்டில் பெயர்கள் பெருகின. 1796க்குள் ஆங்கிலேயர் வந்து கட்டாயம் நீங்கியதும் அந்தக் கூட்டம் கரைந்துபோனது. பிழை போதனையில் இல்லை. பதவிக்காக ஏற்ற பெயர் பதவியோடு போயிற்று.

இரட்சிக்கப்பட்டவனும் விழுந்துபோகக்கூடும் என்று எச்சரித்தவர் ஜோன் வெஸ்லி. அதனால்தான் மெதடிஸ்தர் வகுப்புக் கூட்டம் என்ற ஒழுங்கைக் கைக்கொண்டார்கள். ஏறத்தாழப் பன்னிரண்டு பேர் வாராவாரம் கூடுவார்கள். வகுப்புத் தலைவர் ஒவ்வொருவரிடமும், உமது ஆத்துமா எப்படி இருக்கிறது என்று கேட்பார். வராதவரைத் தேடிப் போவார். 1814இல் வெஸ்லியன் மிஷனரிமார் இலங்கைக்கு வந்தார்கள். அவர்களில் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்து அடுத்த ஆண்டே இறந்தார். அவர் தொடங்கிய பணி நின்றுபோகவில்லை. இருபதாம் நூற்றாண்டில் பரவிய பெந்தெகொஸ்தே சபைகளோ உபவாச ஜெபத்தையும் சாட்சியையும் முன்வைத்து, பின்வாங்கிப் போகாதே என்று இடைவிடாமல் எச்சரிக்கின்றன.

காப்பவர் தேவனா, விழிப்பது மனிதனா என்ற வாதத்தில் இம்மரபுகள் பிரிந்து நிற்கின்றன. நடைமுறையில் அவை வைக்கும் அளவுகோல் ஒன்றே: கூடுகிறாயா, ஒருவரையொருவர் தாங்குகிறாயா? துன்புறுத்தலைத் தாங்கிய சபை இங்கே உண்டு; அலட்சியத்தைத் தாங்கிய சபை இல்லை. விசுவாசத்துக்குப் பெரும் ஆபத்து வாள் அல்ல, ஒருவரையொருவர் விசாரியாமை.

ஆகவே இம்மலரை வாசிக்கும் அன்பர்களே, சில வாரங்களாக ஆலயத்தில் காணாத ஒருவரின் முகம் உங்கள் நினைவுக்கு வருமானால், இந்த ஞாயிறுக்கு முன் அவர் வீட்டுக்குப் போய் நலம் விசாரியுங்கள்.